பதினோராவது விநாடி

இன்று பிரிக்பீல்ட்ஸ் டியூஷனுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில், பக்கத்தில் நின்ற அக்காவிடமிருந்து தசைவலித் தைலத்தின் வாடை வந்தது. ஓடுவதற்கு முன் நீ கெண்டைக்கால் முழுக்கத் தேய்த்துக்கொள்வாயே, அதே வாடை. நான் இறங்க வேண்டிய நிலையம் தாண்டிவிட்டது.

மாநில ஓட்டக் குழுவுக்கு நம் பள்ளியிலிருந்து ஒருத்திதான் போக முடியும். அதற்காகத்தான் அந்தச் சோதனை. முப்பத்தைந்து மீட்டரை ஆறு முறை முழு வேகத்தில் ஓட வேண்டும். நடுவில் பத்தே விநாடி ஓய்வு. மூச்சு வாங்கவும் நேரமில்லாதபோது தசையின் பலம் எவ்வளவு விழுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். நூலகத்தில் இதைப் படித்து டீச்சரிடம் சொன்னதே நான்தான். அதனால் ஸ்டாப்வாட்ச்சும் என் கையில்.

முதல் ஓட்டத்தில் எல்லாரையும்விட நீதான் வேகம். மூன்றாவது முடிந்ததும் முழங்காலைப் பிடித்துக் குனிந்தாய்.

"உடம்பு சுடுதுடி. காய்ச்சல் மாதிரி இருக்கு."

"காலையில நாலு ரொட்டி சானாய் அடிச்சல்ல, அதான். எட்டு, ஒன்பது, போ!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

ஐந்தாவது முடிந்தபோது கெஞ்சினாய். "இன்னும் ஒரே ஒரு செகண்ட் லா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றேன். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீடு போகும் வரை அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஆறாவதை நீ ஏறக்குறைய நடந்துதான் முடித்தாய். உன் பெயருக்கு நேரே 'தகுதியில்லை' என்று எழுதினேன். டீச்சர் வேறொருத்தியைத் தேர்ந்தெடுத்தார்.

உனக்கு வந்திருந்தது டிங்கிக் காய்ச்சல். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாய். ஓடியதால் வந்ததல்ல என்று டாக்டர் சொன்னாராம். நூலகத்திலும் சரிபார்த்தேன்.

அடக்கம் முடிந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, அன்னிக்கு அவ எப்படி ஓடினா?"

ஒரு விநாடியைக்கூடக் கூட்டித் தராத நான், "செலெக்ட் ஆயிட்டா ஆன்டி," என்றேன்.

அதைச் சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். போன ஞாயிறு என்னைத் தனியே கூப்பிட்டார். "ஸ்டேட் ஜெர்சி குடுப்பாங்கல்ல? டீச்சர்கிட்ட கேட்டு வாங்கிக் குடும்மா. அவ படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்."

"கேக்குறேன் ஆன்டி."

அந்த ஜெர்சி கிடைத்தவள் வகுப்பில் எனக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வாரமாக அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீச்சரிடம் இன்னும் கேட்கவில்லை.

நாளை ஞாயிறு. ஆன்டி சர்ச் வாசலிலேயே நிற்பார்.