தார்நாகாவில் கேட்ட கேள்விகள்

செவ்வாய், இரவு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அத்தைக்காக இன்று தார்நாகாவில் ஒரு சின்ன முதியோர் இல்லம் பார்த்தோம். பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது, நல்ல காற்று வருகிறது. ஆனால் அந்த மேனேஜரம்மா! நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டதும் அத்தைக்குத் தெலுங்கு தெரியாது என்று முடிவுகட்டிவிட்டார். அத்தையை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே என்னிடம் தெலுங்கில் விசாரித்தார். தானாகக் குளிப்பாரா? படுக்கையை நனைப்பாரா? ராத்திரியில் அழுவாரா?

செகந்திராபாத்தில் ரிட்டயர் ஆகும்வரை தெலுங்குப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அத்தை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகவே இருந்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பொரிந்து தள்ளினேன். "எவ்வளவு திமிர், அத்தை! உங்களையே கேக்கணும்னு அந்தம்மாவுக்குத் தோணவே இல்ல பாருங்க."

"ஹவ், ஆமா, அவளுக்குத் தெரியாது. எனக்குப் புரியும்னு உனக்குத் தெரியும்ல?" என்றார் அத்தை. "நீ எதுக்குடா எல்லாத்துக்கும் பதில் சொன்னே?"



ராத்திரியில் அழுவாரா என்று கேட்டபோது, இல்லவே இல்லை என்று சட்டென்று சொல்லியிருந்தேன். அடுத்த அறையில்தான் படுக்கிறார். உண்மையில் எனக்குத் தெரியாது.