ஆடியில் வைத்த மழைப் படம்

ராயபுரம், 9-6-1952

அன்புள்ள செண்பகத்துக்கு, ஆசீர்வாதம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

துறைமுகக் கிடங்கில் ஒரு பெட்டி கடல் தண்ணீர் பட்டு நனைந்துவிட்டது; என்மேல் குற்றமில்லை, பயப்படாதே. உள்ளே வடநாட்டுச் சேட்டு ஒருவரின் சின்னஞ்சிறு பழைய ஓவியங்கள், மாதத்துக்கு ஒன்று. உலர்த்தி மாத வரிசையில் அடுக்கும் வேலை எனக்கு வந்தது. படங்களில் எழுதியிருந்த இந்தி தெரியாததால் அவற்றிலுள்ள பூஜையைப் பார்த்தே மாதம் கண்டுபிடித்தேன். விளக்கேற்றும் பெண்கள் கார்த்திகை. கருமேகத்தடியில் கண்ணனை ஊஞ்சலிலிட்டு ஆராதிக்கும் படத்தை ஆடியில் வைத்தேன்.

"இன்னாபா, மய ஐப்பசிலதான பேயும்?" என்று அதட்டினார் மேஸ்திரி கருணாகரன்.

சேட்டு வந்து பார்த்து, நான் வைத்ததே சரி என்றார்.

"எப்டிபா தெரிஞ்சிது?" என்றார் மேஸ்திரி.

நம் தென்காசிச் சாரலைச் சொல்ல வாயெடுத்தவன், படங்களைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினேன். மூன்று வருஷம் இங்கே ஐப்பசியில் நனைந்தும், எனக்கு மழை என்றால் ஆடிதான்.

இந்த ஆடிக்கு லீவு இல்லையாம். மேலண்டைக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றிவிடு. என் குடையை யாருக்கும் கொடுத்துவிடாதே. தபால் எடுக்கும் நேரம்.

உன்
குற்றாலிங்கம்