யாருக்கு, எப்போது

அக்டோபர் 8, 1973. திங்கள்

நல்ல வெயில். செங்கல்பட்டுக் கல்லூரியில் தர்க்க வகுப்பு. 'மனிதர்கள் நல்லவர்கள்' என்று பலகையில் எழுதினேன். எல்லாருமா, சிலரா? எப்போதுமா? அதைச் சொல்லாதவன் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். பிள்ளைகளுக்குக் கொட்டாவி.

மாலை சதுரங்கப்பட்டினத்தில் குமரேசனின் மேடைப் பேச்சு. எனக்கு நிச்சயம் செய்திருக்கிற மாப்பிள்ளை. "குப்பத்து மக்களுக்குக் கல்வீடு வரும்!" அடேயப்பா, என்ன குரல்! தட்டித் தட்டி உள்ளங்கை எரிகிறது.

அக். 13. சனி

மேகம். சோப்பு, மண்ணெண்ணெய், சிவப்பு மை வாங்க வேண்டும். குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை வந்தாள். கூடைக்குப் பின்னால் மகள் செல்வி, பிஸ்கட்டுக்காக. வருஷா வருஷம் மழைக்கு முன் குப்பமே கூரைக் கீற்று மாற்றும். மாற்றியாச்சா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு டீச்சரம்மா? அதான் கல்வூடு வருதே. உங்களைக் கட்டிக்கப் போறவருதானே சொன்னாரு. இந்த வருசம் எவனும் கீத்து மாத்தல."

மழைக்குள் வீடு வராது, மாற்றிவிடு என்று கெஞ்சினேன்.

"போங்கம்மா. அவரு பொய்யா சொல்வாரு?"

அக். 14. ஞாயிறு

கு. வந்தார். யாருக்கு வீடு, எப்போது என்று கேட்டேன். சிரிக்கிறார்.

"என்னைக்காவது வரும்ல? நான் பொய் சொல்லலையே. மேடையில தேதி சொன்னா எவன் கை தட்டுவான்?"

"நீங்களே போய் கீத்து மாத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

"சொல்றேன், சொல்றேன்."

எப்போது என்று கேட்க மறந்துவிட்டேன். நான் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறவள்!

அக். 27. சனி

மூன்றாம் நாளாக மழை. துணி காயவில்லை. அஞ்சலை வரவில்லை. கு. குப்பத்துக்குப் போகவே இல்லையாம்.

நவ. 1. வியாழன்

செல்வி போய்விட்டாள். மூன்று வயது. ஒழுகிய கூரை, ஈரத் தரை, சளிக் காய்ச்சல். ஐயோ, என்னால் தாங்க முடியவில்லை. விடைத்தாள் அப்படியே கிடக்கிறது.

நவ. 4. ஞாயிறு

தூறல். குப்பத்தில் இரங்கல் கூட்டம். கு. பேசினார். "இனி இந்தக் கரையில் ஒரு குழந்தையும் சாகாது!"

எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் அஞ்சலையும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கு. மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். "நல்லாப் பேசினேனா?"

கல்யாணம் வேண்டாம் என்றேன்.

"ஏன்? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

அழுகைதான் வந்தது.