பாறை மேல் கேட்காத பெயர்

துபாய்,
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு, கோகுல்ராஜ் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு வர எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அதனால்தான் வானொலியின் நேயர் விருப்பத்துக்கு எழுதிப் போட்டேன். போன ஞாயிறு, அம்மாவுக்குப் பிடித்த பாட்டுக்கு முன்னால், "சித்தேரி ராமக்கா நினைவாக" என்று வாசித்தார்கள். இங்கே செல்போனில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்ற எண்ணம்தான் எனக்குத் துணையாக இருந்தது.

நேற்று நீங்கள் மலையிலிருந்து அரூருக்கு இறங்கிவந்து செல்லில் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது.

"பாறை மேல ஏறி நின்னேன் கோகுலு. செல்லுல சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. பாட்டு பாதியில இருந்து வந்துச்சு, உங்கம்மா பேரு வரல" என்றீர்கள். பிறகு நீங்களே சிரித்தீர்கள். "உசுரோட இருந்தப்பவே கூப்ட்டா ஒடனே வரமாட்டா."

செல்போன் வாங்கி அனுப்பியபோது, பாட்டெல்லாம் இதிலேயே வரும், இனி ரேடியோ எதற்கு, மாமாவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னவன் நான். நம் மலைக்கு டவர் சரியாக எட்டாது என்பதை இந்த ஊரில் இருந்துகொண்டு மறந்துவிட்டேன்.

மாமாவிடம் அந்த ரேடியோவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். புது பேட்டரி இரண்டு போடுங்கள். வானொலிக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை வாசிப்பார்களா தெரியவில்லை.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. ஆறு நாளாக, அம்மா பெயரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம் என்றே நினைத்திருந்தேன். நான் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், அப்பா.

உங்கள் மகன்,
கோகுல்ராஜ்