உள்ளங்கால் மச்சம்

யீலான், மார்ச் 4

பெக்-ஹாவுக்கு,

வாத்துங்க சௌக்கியம். நானும் சௌக்கியம்னு எழுதினா நீ வருத்தப்படுவே, அதனால அதைக் கொஞ்சம் தள்ளி எழுதறேன். போனை எடுக்க மாட்டேங்கற, வேற வழியில்லாமத்தான் லெட்டர். பிழை இருந்தா பொறுத்துக்கோ. நாலாம் வகுப்புலயே வாத்தியார் என்னைக் கைகழுவிட்டார்.

என் வலது உள்ளங்கால் மச்சம் ஞாபகம் இருக்கா? கால்ல மச்சம் இருக்கறவன் ஆயிரம் பேரை ஆளுவான்னு சொல்லித்தானே கல்யாணத் தரகி உங்கப்பா தலையில என்னைக் கட்டினா? ஆண்டேனே, ஆயிரத்து இருநூறு வாத்து. உன் ஒருத்தியைத்தான் ஆள முடியல.

அது இப்ப வளருது. மிளகு அளவு இருந்தது தர்பூசணி விதை அளவு ஆயிடுச்சு. ஒரு பக்கம் மை ஊறின மாதிரி கலைஞ்சு நிக்குது. சந்தையில களிம்பு வச்சு மச்சம் எடுக்கறாளே, அந்தக் கிழவிகிட்ட காலை நீட்டினேன். பாத்துட்டு, சுட்ட மாதிரி கையை எடுத்துட்டா.

"இத நான் தொடமாட்டேன்யா. ஆஸ்பத்திரிக்குப் போ."

"ஏன், அதிர்ஷ்டம் போயிடும்னு பயமா, இல்ல என் கால் நாத்தமா?"

"நான் கரைச்சு எடுத்தா சோதிச்சுப் பாக்க ஒண்ணும் மிஞ்சாது. போய்யா."

போகட்டுமா, வேணாமா? நீ சொல்லு.

சுயி-தியாம்


தாய்னான், மார்ச் 9

உங்களுக்கு,

போன வருஷம் நெஞ்சு அடைக்குதுன்னு ஆள் விட்டுச் சொன்னீங்க. அக்கா கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடி வந்தேன். நீங்க வாசல்ல உக்காந்து மீன் வறுத்துக்கிட்டு, "வர ஆறு மணி நேரமா?"ன்னு சிரிச்சீங்க. இன்னொரு தடவை ஏமாற எனக்குத் தெம்பு இல்ல.

மச்சம் நிஜம்னா தோல் டாக்டர்கிட்ட போங்க. கிழவிக்கு இருக்கற புத்தி உங்களுக்கும் வரட்டும். களிம்பு, ஊதுபத்தி, பிளேடு எதுவும் வைக்காதீங்க. இதுக்கு நான் எதுக்கு?

பெக்-ஹா


யீலான், மார்ச் 21

பெக்-ஹாவுக்கு,

நிஜம்தான். எடுத்தாச்சு. பொம்பள டாக்டர், நம்ம வாத்துக்குஞ்சு மாதிரி சின்னதா இருக்கு, அதட்டல் மட்டும் உன்னை மாதிரி. ரத்தம் நீர்த்துப்போற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டுச்சு. சோளச் சாராயம்தான்னேன். சிரிக்கல, எழுதிக்கிச்சு.

மரத்துப்போக உள்ளங்கால்ல ஊசி போட்டாங்க பாரு, அதுதான் வலி. அப்புறம் வெட்டினதே தெரியல. சுத்தி இருந்த தோலோட முழுசா எடுத்தாங்க.

"இதைப் பரிசோதனைக்கு அனுப்புவோம் தாத்தா."

"தூக்கிப் போடுங்கம்மா. அதையும் வறுத்தா திங்கப் போறீங்க?"

"பாக்கறதுக்குக் கெட்டது மாதிரி இருக்கு. அனுப்பிப் பாத்தாத்தான் தெரியும். முடிவு வாங்க நீங்க கட்டாயம் வரணும்."

முகத்துல போட்ட தையல்னா ஒரு வாரமாம். உள்ளங்கால் உடம்பைத் தாங்கறதால மூணு வாரம் இருக்கணுமாம். நனைக்கக் கூடாது, ஊனக் கூடாது. சிவந்து வீங்கினாலோ, சீழ் வச்சாலோ உடனே வரச் சொன்னாங்க. நான் ஒத்தைக்கால்ல குதிச்சுப் போறதைப் பாத்து வாத்தெல்லாம் வரிசையா பின்னாடி வருது. ஆயிரம் பேரை ஆள்றேன்ல.

சுயி-தியாம்


யீலான், ஏப்ரல் 3

பெக்-ஹா,

முடிவு வந்துடுச்சு. கெட்டதுதான். மேல்தோலோட நிக்குதாம், ஆழமா இறங்கலையாம். ஆனா வெட்டின ஓரத்துல இன்னும் இருக்காம். பதினாலாம் தேதி மறுபடி அகலமா வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டறாங்க. கூட யார் இருப்பாங்கன்னு டாக்டர் கேட்டுது. சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.

டாக்டர் குடுத்த தாளோட நகலை இதுல வச்சிருக்கேன். எனக்குப் படிச்சுப் புரியல.

ராத்திரி தூக்கம் வரல. பயமா இருக்கு.

சுயி-தியாம்


தாய்னான், ஏப்ரல் 7

உங்களுக்கு,

உங்க லெட்டரை முன்னும் பின்னும் திருப்பிப் பாத்தேன். ஒரு வரி கூடக் கேலி இல்ல. தாளைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே செருப்பை மாட்டிட்டேன்.

தாளைத் தெருமுனை டாக்டர்கிட்ட காட்டினேன். சீக்கிரம் கண்டுபிடிச்சிருக்காங்க, முழுசா எடுத்துட்டா நல்லாயிடும்னார். எடுத்தப்புறமும் உடம்பு முழுக்க, விரல் இடுக்கு, நகம் வரைக்கும் அப்பப்ப பாத்துக்கிட்டே இருக்கணுமாம். உங்க முதுகை உங்களால பாக்க முடியாது.

பதினொண்ணாம் தேதி வரேன். தைபேயில வண்டி மாறி, சாயங்காலம் நாலரைக்கு வந்துடுவேன். எத்தனை நாள் இருப்பேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. அக்காகிட்ட கடைக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லியிருக்கேன்.

ஸ்டேஷனுக்கு வராதீங்க. கதவைத் திறக்கவும் எந்திரிக்க வேணாம். சாவி ஒண்ணு இன்னும் என்கிட்டதான் இருக்கு.

பெக்-ஹா