அவஸ்தைப் பூசுதலுக்கு ஆள் அனுப்பாத வீடு

கை கழுவியும் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, பேனா வழுக்குகிறது. இன்று காலைப் பூசையில் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசினார்கள். நானும் நின்றேன். முட்டிவலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், அடுத்த வாரம் கண் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் என்று வரிசை மாதா கோயில் வாசல் வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றவள் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெயை வாங்கிக்கொண்டு திரும்பி, "வழி வுடுங்க டீச்சர், குக்கர வெச்சுட்டு வந்துட்டேன்" என்று ஓடினாள். நம் காலத்தில் அந்த எண்ணெயை வாங்கிய யாராவது அடுப்பு நினைவாக வீட்டுக்கு ஓடியிருக்கிறார்களா, சொல்.

வாசனை மட்டும் அதேதான். காய்ந்த புல்லும் பழைய மரமும் கலந்த வாசனை. முகர்ந்ததும் நெல்லித்தோப்பில் உன் அப்பா படுத்திருந்த நடு அறைக்குள் போய் நின்றுவிட்டேன். நீ இறந்த செய்தி பிரான்சிலிருந்து வந்து இன்றோடு பதினோரு நாள். நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். வாத்தியார் புத்தி நேரே விஷயத்துக்கு வராது, சுற்றி வளைத்துத்தான் வரும். இதற்காக நீ என்னைத் திட்டாத நாளில்லை. இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி மூன்று வருஷம் ஆகியிருக்கும். கன்னியர் பள்ளிக்கூடத்தில் நாம் டீச்சர்கள், உனக்கு ஒன்றாம் வகுப்பு, எனக்கு மூன்றாம் வகுப்பு, நடுவில் ஒரு தட்டி. இன்று அருட்சாதனங்கள் என்று சொல்வதை அன்று தேவதிரவிய அனுமானங்கள் என்போம். அந்த ஏழு சடங்குகளையும் விரல் விட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞானஸ்நானத்துக்குக் கட்டைவிரலில் தொடங்கி, சுண்டுவிரலைப் பிடித்து "அவஸ்தைப் பூசுதல்" என்றதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அஞ்சாவது வேணாம் டீச்சர். மீதி ஆறு குடுங்க, போதும்."

வகுப்பு சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல் வந்தது: "ஆறே குட்றி அவளுக்கு! அஞ்சாவத நீயே வெச்சுக்கோ!"

அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. அவள் தெருவில் பார்த்ததைச் சொன்னாள். அவஸ்தை என்ற சொல்லுக்கு வடமொழியில் வெறுமனே 'நிலை' என்றுதான் பொருள். பிள்ளைப் பருவம் ஓர் அவஸ்தை, முதுமை ஓர் அவஸ்தை. நம் ஞானோபதேசத்தில் அது சுருங்கிச் சுருங்கி ஒரே நிலையாகிவிட்டது, சாகும் நிலை. ஞானோபதேசம் படிக்காதவர்களுக்கோ அது வெறும் தொல்லை. பஸ்ஸில் இடம் கிடைக்காததும் அவஸ்தை, புதுச்செருப்பு கடிப்பதும் அவஸ்தை. ஆனால் நம் வீடுகளில் "அவஸ்தைப் பூசுதல் குடுத்தாச்சா?" என்று கேட்டால் அதற்குப் பிறகு அழுகைதான். சாமியார் நற்கருணை அப்பத்தோடு தெருவில் வரும்போது முன்னால் மணி அடித்துக்கொண்டு வருவார்கள். மணி எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காக அக்கம்பக்கத்துப் பெண்கள் அப்போதே தலைமுடியை அவிழ்த்துவிடுவார்கள். இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும். சாமியாருக்குச் சொல்லப் போகிற ஆளிடமே, "வழியில பெட்டி செய்றவங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்ட்டு வா" என்று சொல்லி அனுப்புவார்கள். ஒரே நடையில் இரண்டு வேலை, எண்ணெய்க்கும் சவப்பெட்டிக்கும். அதனால்தான் உயிர் மேல் ஆசையுள்ள எந்த வீடும் சாமியாருக்கு ஆள் அனுப்பத் தயங்கியது. நோயாளி பயந்துவிடுவார் என்று காத்திருப்பார்கள். நினைவு தப்பட்டும், பிறகு கூப்பிடலாம், அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம் என்பார்கள். அதை அன்பு என்று நினைத்தோம்.

உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனுக்குப் போய்த் திரும்பியவர். தெருவுக்கு உங்கள் வீடு 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு. உனக்கு அவர் பப்பா, எனக்கு மாமா. என்னை மட்டும் பிரெஞ்சில் 'மத்மசேல்' என்று கூப்பிட்டு ஒரு சலாம் வைப்பார். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார்; ஆனால் வாசல் தூணைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கும் போகமாட்டார், நற்கருணைக்கும் போகமாட்டார். ஏன் பப்பா என்று நீ கேட்டால், "வரிசை பெருசா இருக்குதும்மா" என்பார். நான்கு பேர் நிற்கிற வரிசை.

அவருக்கு நெஞ்சு வீங்கி, கால் வீங்கி, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்க வேண்டியதாயிற்று. நாம் இருவரும் பள்ளிக்கு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். முதல் நாளே நீ என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாய்.

"தோ பாரு. அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டர் சொல்ட்டாரு. சாமியார் வாசப்படி ஏறுனாருன்னா பப்பாவுக்குப் புரிஞ்சிடும், நெஞ்சு அங்கியே நின்னுடும். இந்த வூட்ல அந்தப் பேச்ச எடுக்காத. சத்தியம் பண்ணு."

"மெல்லமா சொல்லிப் பாக்கலாமேடி?"

"இன்னான்னு சொல்லுவ? பப்பா, நீங்க சாவப் போறீங்க, வாங்க கொஞ்சம் எண்ணெ தடவிக்கலாம்னா?"

சத்தியம் செய்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் நீ மருந்துக்கடைக்குப் போயிருந்தாய். நான் விசிறிக்கொண்டிருந்தேன். தூங்குகிறார் என்று நினைத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "மத்மசேல்" என்றார்.

"இன்னா மாமா? தண்ணி வேணுமா?"

"தண்ணி கெடக்குது. சாமியாரக் கூட்டியா."

விசிறி என் கையில் நின்றுவிட்டது. "சாமியார்லாம் எதுக்கு மாமா இப்ப? நல்லாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அவரும் பொய் சொல்றாரு, நீயும் பொய் சொல்ற. பரவால்ல, ரெண்டு பேரும் நல்லவங்க." மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணைத் திறந்தார். "அவராண்ட எனக்கு ஒரு பேச்சு இருக்குது. சைகோன்லேந்து தூக்கியாந்த பேச்சு. வேற யார்ட்டயும் சொல்ல முடியாது. நீ ஒண்ணும் வெளக்க வேணாம். சொல்தா கூப்பிடறான்னு போய்ச் சொல்லு, வருவாரு."

"சாயங்காலம் அவ வந்துடட்டும் மாமா, கேட்டுக்குனு…"

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்ததா என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்க்கிறேன். இல்லை. பயமெல்லாம் உன்னிடமும் என்னிடமும்தான் இருந்தது. "சரி" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நீ வந்தாய். கையில் மருந்துப் பாட்டில், முகத்தில் வேர்வை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாய்.

"பப்பா முழிச்சாரா? ஏதாவது கேட்டாரா?"

"இல்லடி" என்றேன். "தூங்கினாரு."

அவ்வளவுதான். சொல்ல வேண்டியது இதுதான். அவர் கேட்டார். நான் இல்லை என்றேன். சத்தியம் செய்திருந்ததால் என்று முதலில் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் முகத்தில் அந்த மருந்தின் மேல் இருந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டேன். நாளைக் காலையில் சொல்லலாம் என்று நினைத்ததும் உண்மை. எல்லாம் உண்மைதான், எதுவும் போதவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவருக்குப் பேச்சு நின்றது. "ஓடுடி" என்று நீதான் கத்தினாய். ஓடினேன். இரண்டே தெரு. சாமியார் செருப்பில்லாமல் என்னோடு வந்தார். மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுத்திரி ஏற்றி, பஞ்சை ஆறு உருண்டையாக உருட்டித் தட்டில் வைத்தோம். கண், காது, மூக்கு, வாய், கை, பாதம். வாசலில் பெட்டிக்காரர் வந்து நின்றுகொண்டிருந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ. உள்ளே மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, அவர் அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

சாமியார் உன்னைத்தான் கேட்டார். "ஏம்மா, பேச்சு நின்னப்பறந்தான் எங்க ஞாபகம் வருமா? காது குடுத்துக் கேக்க வர்றவன நீங்க கண்ண மூடறதுக்குக் கூப்பிடறீங்களே."

அவருடைய குரல் கேட்டதும் மாமா கண்ணைத் திறந்தார். சாமியாருடைய கழுத்துப்பட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. சாமியார் குனிந்து வாயருகே காதை வைத்து, "சொல்லுங்க, நான் கேக்கறேன், சொல்லுங்க" என்றார். வெகுநேரம் அப்படியே இருந்தார். காற்றுதான் வந்தது. வாய் பேச முடியாதவருக்குக் கொடுக்கிற பாவமன்னிப்பைக் கொடுத்துவிட்டு எண்ணெய் பூசத் தொடங்கினார். கை வரை வந்தார். பாதத்துக்கான பஞ்சு தட்டிலேயே இருந்தது.

அந்த உதடு அசைந்ததை நீ மறக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும்போது பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து முடியும். "இன்னாடி சொல்ல வந்தாரு? எனக்கா, சாமியாருக்கா?" பிறகு நீயே உன்னைத் தேற்றிக்கொள்வாய். "ஆனா அவரு கேக்கலியேடி. கேட்டிருந்தா சத்தியமெல்லாம் தூக்கிப் போட்டுட்டு நானே போயிக் கூட்டியாந்திருப்பேன்ல?"

"ஆமாண்டி" என்பேன்.

உனக்கு இருந்த ஆறுதல் அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அதைப் பிடுங்கிக்கொள்வதாகும். சொல்லாவிட்டால் என் பொய்யின் மேல் நீ தலைவைத்துத் தூங்குகிறாய். இப்படியே வருஷங்கள் போயின.

ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டில், ஆசிரியர்களுக்கு நடந்த தியானத்துக்கு ஓர் இளம் சாமியார் வந்தார், நினைவிருக்கிறதா? ரோமையில் திருச்சங்கம் கூடப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். அவர்தான் நம் ஐந்தாவது விரலைப் பற்றிப் பேசினார். முதல் காலத்துக் கிறிஸ்தவர்கள் காய்ச்சல்காரனுக்கும் முடவனுக்கும் இந்த எண்ணெயைப் பூசினார்கள், அவன் எழுந்திருக்க வேண்டும் என்று ஜெபித்துப் பூசினார்கள் என்றார். காலம் போகப் போக, பூசிக்கொண்டு பிழைத்தவன் செருப்புப் போடக்கூடாது, இறைச்சி தின்னக்கூடாது என்று சில நாடுகளில் வழக்கம் முளைத்ததாம். பிழைத்தும் பாதிப் பிணமாக வாழ யார் சம்மதிப்பார்கள்? தள்ளிப்போட்டார்கள். படுக்கை வரை தள்ளி, பிறகு கடைசி மூச்சு வரை தள்ளினார்கள். எழுப்புகிற எண்ணெய் வழியனுப்புகிற எண்ணெயாயிற்று. அதற்கு ஏற்ற பெயரையும் வைத்துக்கொண்டோம் என்றார்.

நான் அதைப் பிற்பாடு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மணியை வைத்துச் சொல்வேன். காலையில் அடித்தால் வா என்று பொருள், சாயங்காலம் அடித்தால் போ என்று பொருள். மணி ஒன்றுதான். சாயங்காலம் மட்டுமே அடித்துப் பழகிய ஊரில், காலையில் மணி கேட்டாலும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் ஓடும்.

அன்று நீ எழுந்து நின்றாய். எல்லா டீச்சர்களுக்கும் நடுவில் கேட்டாய். "சாமி, நோயாளி வாயத் தெறந்து கேக்கல. கூட இருந்தவங்களும் பயந்துக்குனு கூப்பிடல. அவங்க மேல பாவமா சாமி?"

அவர் நல்ல மனிதர். உன் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "அவரு கேக்கலன்னா, தெரியாம செஞ்சதுக்குப் பாவமில்லம்மா" என்றார்.

நீ உட்கார்ந்து, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். நான்கைந்து வருஷம் சேர்ந்த அழுகை. அழுதுகொண்டே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாய். நான் கொடுத்தேன். சாமியார் சொன்ன வாக்கியத்தின் மறுபாதியை அந்த அறையில் நான் ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ கல்யாணமாகிக் கப்பலேறினாய். திருச்சங்கத்துக்குப் பிறகு அவஸ்தைப் பூசுதலின் பெயரையும் மாற்றினார்கள், நோயில்பூசுதல் என்று. பெயர் மாறினால் போதும் என்று நானும் நம்பினேன். போன வாரம் உன் மகன் போன் செய்தபோது, உனக்கு எண்ணெய் பூச யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"எதுக்கு ஆன்ட்டி அம்மாவ பயமுறுத்தணும்னு வுட்டுட்டேன்" என்றான். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, நான் கேட்காமலே, "அம்மா ஒண்ணும் கேக்கல ஆன்ட்டி" என்றான்.

அந்த இடைவெளியின் நீளம் எனக்குத் தெரியும். செருப்போடு நின்று நீ கேட்டபோது, பதில் சொல்வதற்கு முன் நானும் அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொண்டேன். அவன் உண்மையையே சொல்லியிருக்கலாம். மேலே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "சரிப்பா" என்றேன். உன்னிடம் அன்று நான் சொன்னதும் இன்று அவனிடம் கேட்காமல் விட்டதும் ஒன்றா வேறா என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கே மேலே பப்பாவை நீ பார்த்திருந்தால் எல்லாம் இதற்குள் தெரிந்திருக்கும். அவர் கேட்டதும், நான் மறைத்ததும், சைகோன் பேச்சும். என்னைத் திட்டியிருப்பாய். திட்டு. என்னிடம் இருப்பது ஒரே ஒரு வரி. ஒரு பிற்பகலில், இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி ஒரு மனிதர் என்னை நம்பிக் கொடுத்தது. அந்தச் சாமியாரும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. இனி யாரிடம் சேர்ப்பது என்று தெரியாமல் இன்னும் வைத்திருக்கிறேன்: சொல்தா கூப்பிடறான்.