காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று

ஐப்பசி, ஞாயிறு. செஞ்சி வீடு.

வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அம்மா பால் ஊற்றிக் கடல்பாசி காய்ச்சி, துண்டு போட்டு, தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தாள்.

"நீ போன்ல சொன்னியே, பாசியிலேருந்து கேன்சருக்கு மருந்துன்னு. நைனாவுக்கு தெனமும் குடுக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னது எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேறொரு பாசியிலிருந்து எடுக்கும் ஜெல் மாதிரியான கூழைப் பற்றி. மருந்தைக் கலந்து கட்டியின் ஓரத்தில் ஊசியால் வைத்தால், அது மருந்தை மெல்ல மெல்ல விடும். உடம்பின் எதிர்ப்பு அணுக்களே கட்டியோடு சண்டைக்குக் கிளம்பும். தின்றால் ஒன்றும் ஆகாது. அதுவும் இன்னும் எலிகளில்தான் பார்க்கிறோம். அம்மாவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும் நேரம் அம்மா பஜாருக்குப் போனாள். கீமோவுக்குப் பிறகு சோறே இறங்காத நைனா, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா, அது மருந்து இல்ல."

"தெரியும் கண்ணு. எலிக்குத்தான் போட்டுப் பாக்கறோம்னு நீதான சொன்ன."

"அப்புறம் இன்னாத்துக்கு சாப்புடற?"

"இத கிண்டற நேரந்தான் உங்கம்மா அழாம இருக்கறா."

அம்மா திரும்பி வந்தாள். கையில் இன்னும் இரண்டு பாக்கெட் கடல்பாசி. "இவ்ளோ குடுத்தா போதுமாடி?" என்று என்னைத்தான் கேட்டாள்.

நைனா என்னைப் பார்க்காமல் ஸ்பூனை நக்கினார்.

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு குடும்மா," என்றேன்.